பசை போடாத இணைப்பு

எங்கள் கடைத்தெருவில் அந்த பிளம்பரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ரசமட்டம் என்பது ஓர் அடி நீளமுள்ள அலுமினியச் சட்டம். நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. வைத்த இடம் சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும், சாய்ந்திருந்தால் ஓரத்துக்கு ஓடிவிடும். அது கையில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. என் குழாய்ச் சாமான் கடைக்கு வந்தால், கேட்டதை நான் எடுத்து வருவதற்குள் அதை என் மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் தாழ்ந்திருக்குங்க, ஒரு அட்டையாவது மடிச்சு வைக்கக் கூடாதா?" என்பார். பக்கத்துக் கடை பெயிண்டர் ஒருமுறை, "ரசத்த எடுத்துட்டா மிச்சம் மட்டம்தானேய்யா" என்று சொன்னதில் கடையே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். தன் வேலைமேல் அவ்வளவு நம்பிக்கை உள்ளவருக்கு அந்த மாதிரி கேலியெல்லாம் உறைக்காது.

நம்பிக்கை என்றேன். கொஞ்சம் கர்வமும்தான். யார் வீட்டிலாவது பழைய வேலையைத் திறந்தால் அவர் வாயில் முதலில் வருவது, "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலை இது?" என்பதுதான். சாயங்காலம் கடைக்கு வந்து அந்தப் புண்ணியவான் எப்படிக் குழாயைப் பிடித்திருப்பான், எப்படி மறந்திருப்பான் என்று நடித்தே காட்டுவார். நானும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன்.

அவருக்கு ஒரே தங்கை, ஒன்பது வயது இளையவள். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவுக்கு எப்போதும் உடம்பு முடியாது. பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு தடவை தோற்றுவிட்டு ஒரு குழாய்த் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி கட்டப் போனவர், அங்கேயே இணைப்பு வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் கையை வைத்துத்தான் தங்கையைப் படிக்க வைத்தார். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் ஆனாள். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர். வண்டி இரண்டு நிமிடம் தாமதமானாலும் குறித்துக்கொள்கிற தொழில் என்பதால், வீட்டிலும் எதையும் கவனிக்காமல் விட மாட்டார்.

கல்யாணமான இரண்டாம் வருடம் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். மண்ணைக் கெட்டித்து, மேலே ஒரே பலகையாகக் காங்கிரீட் தளம் போட்டு, அதன்மேல் சுவர் எழுப்பிய வீடு. இந்த மாதிரி வீட்டில் குளியலறையின் கழிவுக் குழாய்களைத் தளம் போடுவதற்கு முன்பே மண்ணுக்குள் பதித்துவிட வேண்டும். காங்கிரீட் விழுந்த பிறகு உடைத்துத்தான் பார்க்க முடியும். அந்த வேலையை அண்ணனே ஏற்றுக்கொண்டார். "என் தங்கச்சி வீட்டுக்கு நான் பண்ணாம வேற எவன் பண்ணுவான்?" என்று என் கடையில் வந்து சொல்லிவிட்டுத்தான் சாமான் எடுத்துப் போனார்.

குடிவந்து ஆறு மாதம் ஆவதற்குள் அந்தக் குளியலறையில் ஒரு வாடை பிடித்தது.

நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. அதற்கு அடியில் கொஞ்சம் சாக்கடை. காலையில் குறைவாக இருக்கும், எல்லோரும் குளித்து முடித்த பிறகு எழுந்து நிற்கும். சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பி உதிர்ந்தது. தங்கை பினாயில் ஊற்றினாள், பிளீச்சிங் பவுடர் போட்டாள், ஆசிட் வாங்கித் தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டும்போது தாளில் ரத்தம் ஒட்டாமல் இருக்க பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு போவாள். வாடை மட்டும் போகவில்லை.

"நீ தேய்க்கிறியா, இல்ல தடவிக் கொடுக்கிறியா?" என்று கேட்பார் கணவர். கோபமாகக்கூட இல்லை, வண்டி ஏன் தாமதம் என்று கேட்கிற அதே குரலில்.

அவருக்கு ஓர் அக்கா. வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியக்கா. ஒரு மருத்துவமனையில் வார்டு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தம் என்றால் அவருக்கு மற்றதெல்லாம் பிறகுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தம்பி வீட்டுக்கு வருவார். குளியலறைக்குள் போய்விட்டு வரும்போது கைக்குட்டை மூக்கில் இருக்கும். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தக் கைக்குட்டையே சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவர் வாயைத் திறந்தார். வீடு கட்டி எட்டு வருடம் ஆகியிருந்தது. ரசமட்டமும் மனைவியோடு வந்திருந்தார்.

"ஏன் தம்பி, நீங்கதானே இந்த வீட்டுக்குக் குழாய் போட்டீங்க? ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்களேன். இந்த வாடைக்குக் காரணம் குழாயா, ஆளா?"

சாப்பிட்ட கையோடு எழுந்து உள்ளே போனார் ரசமட்டம். தரைத்துளையில் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் தேங்காமல் கடகடவென்று இறங்கியது. அவ்வளவுதான் சோதனை. ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

"பைப்பு பக்காவா இருக்குக்கா. என் வேலையில நாத்தம் வராது. மத்தது கழுவுறவங்க கையிலதான் இருக்கு." பிறகு தங்கையைப் பார்த்து, சிரிக்க வைப்பதற்காக, "கொஞ்சம் குனிஞ்சு தேய்ம்மா, இடுப்பு ஒண்ணும் ஒடிஞ்சுடாது" என்றார்.

சிரித்தார்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்த தங்கை ஒரு நொடி நின்றாள். பிறகு மீதித் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் தினமும் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து குளியலறையைத் தேய்த்தாள். விருந்தாளி யாரையும் கூப்பிடுவதில்லை. அலுவலகத்துப் பெண்கள் பார்க்க வருகிறேன் என்றால், "வீட்ல வேலை நடக்குது, வெளிய எங்கயாவது பாக்கலாம்" என்பாள். அவள் மகள் பள்ளி முடிக்கிற வரை ஒரு தோழியையும் வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை. இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயன்றதும் இல்லை.

வீடு கட்டி பத்தொன்பது வருடம் ஆனபோது தங்கையின் கணவரான மாப்பிள்ளைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கலாம் என்றார்கள். குளியலறை வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு படி. உள்ளே வழுக்குகிற தரை. கழிப்பிருக்கை மூலையில் இடுக்காக இருந்தது. படியை எடுக்க வேண்டும், கதவை அகலப்படுத்த வேண்டும், இருக்கையை இடம் மாற்ற வேண்டும், தண்ணீர் போகிற துளையை எதிர்ச் சுவருக்குத் தள்ள வேண்டும். அதற்கு ஒரே வழி, தளத்தை உடைப்பதுதான்.

ரசமட்டம் உற்சாகமாகக் கடைக்கு வந்தார். "தங்கச்சி வீட்டு பாத்ரூம அப்படியே புரட்டிப் போடப் போறேன். நல்லதா எடுத்துக் குடுங்க" என்றார். குழாய், இணைப்பு, பிடிமானக் கம்பி, சொரசொரப்பான ஓடு எல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் பழைய ஓடுகளைப் பெயர்த்தார். இரண்டாம் நாள் தளத்தில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு இழுத்து, வெட்டும் இயந்திரத்தால் கோட்டை அறுத்து, வாடகைக்கு எடுத்த உடைக்கும் இயந்திரத்தை அதன்மேல் வைத்தார். வீடே அதிர்ந்தது. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார். தங்கை விடுப்பு எடுத்திருந்தாள். பாத்திரங்களின்மேல் தூசி படாமல் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

நான்கு அங்குல காங்கிரீட் உடைந்து ஒரு துண்டு புரண்டதும் அடியிலிருந்து எழும்பிய வாடையில் ரசமட்டம் பின்னால் சாய்ந்து சுவரில் முதுகை இடித்துக்கொண்டார். அடியில் காய்ந்த மணல் இருக்க வேண்டும். இருந்தது கறுப்புச் சேறு. கையை விட்டால் முழங்கை வரை போகிற ஈரம். பழக்க தோஷத்தில் வாயில் அந்த வார்த்தை வந்துவிட்டது.

"எந்தப் புண்ணியவான் பண்ணின..."

பாதியில் நின்றுவிட்டது. கூடத்திலிருந்து மாப்பிள்ளை சிரித்தார். "என்ன மச்சான், நீங்கதானே பண்ணீங்க!"

ரசமட்டம் கையாலேயே சேற்றை அள்ளி வாளியில் போட்டார். தரைத்துளைக்குக் கீழே ஒரு வளைவு, வளைவிலிருந்து வெளிச்சுவருக்குப் போகிற நீளக் குழாய். இரண்டும் சேருகிற இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. குழாயைப் பிடித்து லேசாக இழுத்தார். வந்துவிட்டது. பசை போட்ட இணைப்பு என்றால் அறுத்துத்தான் எடுக்க முடியும். இது சட்டையிலிருந்து கை வருகிற மாதிரி வந்தது.

ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தார். குழாயின் முனை புதுசுபோல் வழவழவென்று இருந்தது. பசை பட்ட அடையாளமே இல்லை. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் எல்லாவற்றையும் பசை போடாமல் செருகிப் பார்த்து, அளவு சரியாக இருந்தால் இணைப்பின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடுவார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, பசை தடவி, அதே கோட்டில் பொருத்திவிட்டு, கோட்டின்மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்தக் குழாயில் கோடு இருந்தது. குறி இல்லை.

அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. மதியம்தான் தளம் போட வருவதாக இருந்தார்கள். காலையிலேயே ஒரு பொறியாளர் ஆள் அனுப்பியிருந்தார், பெரிய பங்களா ஒன்றில் குழாய் வேலை பார்க்க நீங்கள்தான் வர வேண்டும் என்று. பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள். முப்பத்து மூன்று வயதில் அப்படி ஓர் அழைப்பு வந்தால் கால் தரையில் நிற்குமா? ஆறு இணைப்புக்குப் பசை போட்டாயிற்று, கடைசி ஒன்று பாக்கி. வந்து போட்டுக்கொள்ளலாம் என்று போனார். திரும்பி வந்தபோது காங்கிரீட்காரர்கள் முன்னதாகவே வந்து பாதித் தளத்தைப் போட்டுவிட்டிருந்தார்கள். "எல்லாம் முடிஞ்சுதா?" என்று மேஸ்திரி கேட்டார். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். அள்ளிப் போட்ட காங்கிரீட்டை ஒதுக்க அரை மணி ஆகியிருக்கும். கொஞ்சம் திட்டியிருப்பார்கள். "முடிஞ்சுது" என்றார். இறுக்கமாகத்தான் செருகியிருக்கிறோம், மேலே இவ்வளவு பாரம் வந்தால் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டார். ஊரெல்லாம் போய், குழாயில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்காமல் மூடாதே என்று சொல்கிறவர், தங்கை வீட்டில் சோதிக்கவில்லை. நம்ம வீட்டு வேலைதானே.

ஒரு மாதம் உறுத்தியது. பிறகு மறந்துவிட்டது. மறந்தது நிஜம் என்றுதான் மறுநாள் கடையில் என்னிடம் சத்தியம் செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியபோதும் ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன். "வந்துச்சுங்க," என்றார். "வந்துச்சு. அதனாலதான் சீக்கிரமா வெளிய வந்துட்டேன்."

தங்கை காபி டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். குழியைப் பார்த்தாள். வாடை முகத்தில் அடித்தும் அவள் மூக்கைப் பொத்தவில்லை. பத்தொன்பது வருடம் பழகிய மூக்கு.

"என்னண்ணா இது?"

"மண்ணு எறங்கியிருக்கும்மா," என்றார். குழாய்த் துண்டைச் சேற்றுப் பக்கம் திருப்பி வைத்தார். "சில எடத்துல அப்படித்தான். மண்ணு எறங்குனா பைப்பு விட்டுப் போயிடும். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்போ இந்த வாடை..."

"இதுலேருந்துதான்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இல்லையா?" என்று கேட்டாள். மிகச் சின்னக் குரலில், பரீட்சை முடிவைக் கேட்கிற மாதிரி.

மாப்பிள்ளை உள்ளே இருந்தே, "அட, பாவமே! இவளப் போட்டு இத்தன வருஷம் வறுத்தெடுத்தோமே!" என்றார். அவருக்கு அது தமாஷாகத்தான் பட்டது. தங்கை சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து வந்து அண்ணனிடம் நீட்டினாள்.

"அண்ணா, பெரியக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பைப்புதான் காரணம்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு. போதும்."

சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தங்கை ஸ்பீக்கரைப் போட்டாள். விஷயத்தைக் கேட்ட பெரியக்கா, "அப்படியா தம்பி, நல்லதாப் போச்சு கண்டுபுடிச்சீங்க" என்றார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார். "மண்ணு எப்போ எறங்கியிருக்கும்?"

"அது... சொல்ல முடியாதுக்கா."

"இல்ல, ஒரு ரெண்டு மூணு வருஷமா இருக்குமா? ஏன்னா வாடை முதல்லேருந்தே இருந்துச்சே. மண்ணு எறங்குறதுக்கு முன்னாடி இருந்த வாடைக்கு என்ன கணக்கு?"

தங்கை அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாளிலிருந்தே விட்டுப்போன இணைப்பு என்று சொன்னால் அவள் தப்பிப்பாள். ஆனால் முதல் நாளிலேயே மண் இறங்காது. அப்புறம் யார் தப்பு என்று அடுத்த கேள்வி வரும். இதெல்லாம் அவர் மனதில் ஒரே நேரத்தில் ஓடியது.

"தெரியலக்கா," என்றார்.

"சரி விடுங்க, இனிமேலாவது சுத்தமா இருந்தா சரி," என்று பெரியக்கா வைத்துவிட்டார்.

தங்கை கைப்பேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆறிப்போன காபி அங்கேயே இருந்தது. அவர் அதைக் குடிக்கவில்லை. கொட்டவும் மனம் வரவில்லை.

அடுத்த நாள் காலை என் கடைக்கு வந்தார். பசை டப்பா ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்த பிறகும் போகவில்லை. ரசமட்டத்தை மேஜைமேல் வைத்துப் பார்க்கவும் இல்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். ஒரு சாண் நீளக் குழாய்த் துண்டு. பென்சில் கோட்டைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வருடம் மற்றவர்களின் தப்பை நடித்துக் காட்டிய ஆள், தன் தப்பை ஓர் அங்க அசைவுகூட இல்லாமல் சொன்னார்.

"பொண்டாட்டிகிட்ட சொன்னேன். ‘சொல்லிட்டா உங்க பேரு என்னாகும்’னு கேக்குறா. நல்லதுக்குத்தான் கேக்குறா. எனக்குத்தான் தொண்டையில எறங்கல."

"சொல்லிடுங்க," என்றேன். சொல்வது எனக்குச் சுலபம்.

"அவ ‘நான் இல்லையா’ன்னு கேட்டாளுங்க. நாப்பத்து மூணு வயசுப் பொம்பள."

ஞாயிற்றுக்கிழமை வரை வேலையை நிறுத்திவைத்தார். மாப்பிள்ளையிடம், பெரியக்காவை ஒரு நடை வரச் சொல்லுங்கள், நேரில் காட்ட வேண்டியது இருக்கிறது என்றார். அவரும் வந்தார். கூடத்தில் மாப்பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பெரியக்கா. தங்கை சமையலறை வாசலில் நின்றாள். ரசமட்டம் உட்காரவில்லை. குழாய்த் துண்டை மேஜைமேல் வைத்தார்.

"மண்ணு எறங்கலக்கா. நான் பொய் சொன்னேன். இந்த எடத்துக்கு நான் பசையே போடல. வேற வேலைக்கு ஓடிட்டேன். தளம் போடுறவங்க கேட்டப்ப முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். இந்த வீட்ல மொத நாள் குளிச்ச தண்ணியிலேருந்தே கீழ எறங்கிட்டுத்தான் இருந்திருக்கு. இவ எத்தன தேய்ச்சாலும் போயிருக்காது. அன்னிக்குச் சாப்பாட்டுல நீங்க கேட்டப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அத மறைக்கத்தான் இவ மேல போட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவர் அங்கே சொல்வதாகவே இல்லையாம். தானாக வந்துவிட்டது என்றார்.

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இவளக் குறிப்பிட்டு எப்பவும் சொன்னதில்லையே," என்றார். "பொதுவாத்தான் சொன்னேன்." சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்ட மாதிரி, மேலே பேசாமல் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நீங்க ஒரு நாள் சொன்னீங்க மச்சான். நான் தெனமும் சொன்னேன்" என்றார்.

தங்கைதான் பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் அண்ணன்.

"பசை போடாம விட்டது தப்புதான். வேலைன்னா தப்பு வரும். நானும் ஆபீஸ்ல தப்பா எழுதி அடிச்சிருக்கேன். ஆனா உனக்குச் சந்தேகம் வந்துச்சுன்னு சொல்றியே, அன்னிக்கு ராத்திரியாவது என்கிட்ட மட்டும் வந்து சொல்லியிருக்கலாமேண்ணா? நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். உன் வேலையப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது. அதுக்காக நான் நாறிக்கிட்டு இருந்தாப் பரவாயில்ல, இல்ல?"

அவர் மேஜைமேல் இருந்த குழாய்த் துண்டைக் கையில் எடுத்தார்.

"எம்பொண்ணு ஒரு சிநேகிதியக் கூட்டிட்டு வந்ததில்ல இந்த வீட்டுக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை வாக்கரைப் பிடித்து எழுந்தார். சமையலறை பத்தடி தூரம். போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆனது. யாரும் கைகொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பெரியக்கா மெதுவாக எழுந்து, குளியலறை வாசலில் போய் நின்று, உடைத்த குழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை ரசமட்டம் வேலைக்கு வந்தார். வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்வாள் என்று பயந்துகொண்டேதான் வந்தாராம். கதவைத் திறந்தவள் வழிவிட்டு நகர்ந்தாள். கறுப்புச் சேறு முழுவதையும் வாளி வாளியாக வாரி வெளியே கொட்டினார். இருபத்தெட்டு வாளி. அடி மண் காய்வதற்கு மூன்று நாள் விட்டு, புது மணல் நிரப்பிக் கெட்டித்து, புதுக் குழாய் இறக்கினார். மூடுவதற்கு முன் தங்கை வந்து வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி நிரப்பிச் சோதிக்கணும்னு சொல்வியே, அத எனக்குக் காட்டு."

குழாயின் வெளிமுனையை அடைப்பு வைத்து இறுக்கிவிட்டு, துளை வழியாகத் தண்ணீர் நிரப்பினார். தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். இரண்டு மணி நேரம் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. தங்கை எழுந்து குழிக்குள் இறங்கினாள். முதல் இணைப்பின்மேல் கையை வைத்தாள்.

"இதுக்குப் பசை போட்டியா?"

"போட்டேம்மா."

அடுத்ததற்கு நகர்ந்தாள். "இதுக்கு?"

"போட்டேன்."

ஒன்பது இணைப்பு. ஒன்பதையும் தடவிப் பார்த்து, ஒன்பது தடவை கேட்டாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். ஒன்பது தடவையும் அவர் பதில் சொன்னார். கடைசி இரண்டுக்குத் தலையைத்தான் ஆட்டினார். "வாயால சொல்லு," என்றாள். சொன்னார்.

பிறகு இரண்டு மணி நேரம் இருவரும் அங்கேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார்கள். தண்ணீர் இறங்கவில்லை.

வேலை முடிய இன்னும் பத்து நாள் ஆனது. தரைக்கு வெளிர் நிறம் வேண்டாம், அழுக்குத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டார். அவள் வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நிறம் எடுத்தாள், அதையே பதித்தார். வாசல் படி போய்விட்டது, பிடிமானக் கம்பி இரண்டு பக்கமும் வந்தது. மாப்பிள்ளை முதல் முறை தனியாகக் குளித்துவிட்டு வந்து, "சுவர் அடியில கைய வெச்சுப் பாத்தேன், எலும்பு மாதிரி காஞ்சிருக்கு" என்றார். இப்போது கழுவுவது அவர்தான். இருக்கையில் உட்கார்ந்தபடியே நீளக் குச்சி மாட்டிய துடைப்பத்தால் தரையைத் தள்ளுகிறார். யாரும் சொல்லவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். பெரியக்கா அடுத்த முறை வந்தபோது கைகளுக்குப் பூசும் களிம்பு ஒன்றை வாங்கி வந்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாராம். தங்கை அதைத் திறந்தாளா என்று தெரியாது.

ரசமட்டத்தின் பெயர் ஒன்றும் கெடவில்லை. இந்தக் கதை கடைத்தெருவில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் இப்போது கடைக்கு வந்தால் சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். பெயிண்டர், "என்னய்யா, நடிப்பையெல்லாம் விட்டுட்ட?" என்று கேட்டால், வேலை இருக்கிறது என்கிறார்.

மூன்று மாதம் தங்கை அவரோடு தேவைக்கு மேல் பேசவில்லை. போன வாரம் அவளே கூப்பிட்டாளாம். "சனிக்கிழமை மத்தியானம் வா, ஆபீஸ்லேருந்து நாலு பேரு சாப்பிட வர்றாங்க, நீயும் அண்ணியும் வாங்க." அவர் போனார். நான்கு பெண்கள் வந்திருந்தார்கள், பெரிய சிரிப்பும் சத்தமுமாக. ஒவ்வொருத்தியாகக் கைகழுவ உள்ளே போய்விட்டு வந்து, "பாத்ரூம் எவ்ளோ அழகா இருக்கு, யார் பண்ணது?" என்று கேட்டார்கள். "எங்க அண்ணன்தான்" என்றாள் தங்கை. அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை. அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு வேகவேகமாக என் கடைக்கு வந்தார். சர்க்கரை நோய் உள்ள மனிதர், மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பின்னாடி கக்கூஸ் தொறந்திருக்குங்களா?"

"தங்கச்சி வீட்லதானே இருந்தீங்க?"

"ரெண்டு தடவ எழுந்தேன். அவளே, ‘பாத்ரூம் போயிட்டு வாண்ணா’ன்னா. கால் போகலைங்க."

சாவியை எடுத்துக் கொடுத்தேன்.